மிஸ்ஸிங் அடிக்கும் பழைய கார்: பாகத்தை மாற்றும் முன் சிலிண்டரைக் கண்டுபிடியுங்கள்

பழைய பெட்ரோல் கார் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியதும், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறி எஞ்சின் குலுங்கத் தொடங்கியதும், பெரும்பாலோர் முதலில் பொறி தரும் பிளக் நான்கையும் மாற்றுகிறார்கள். சரியாகவில்லை என்றால் பிளக் ஒயர், அதற்கும் மசியவில்லை என்றால் பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயில், கடைசியில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு சர்வீஸ். இப்படியே போனால் என்றைக்காவது வண்டி சரியாகிவிடும்தான். ஆனால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. பழுதே இல்லாத பாகங்கள் குப்பைக்குப் போயிருக்கும். பல நேரம் புதிதாகப் போட்ட மட்டமான பாகமே அடுத்த கோளாறுக்கு வழி செய்திருக்கும். எந்த சிலிண்டர் எரியவில்லை, எந்த நிலையில் எரியவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும்வரை எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிய வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும் ஐடிலிங்கில், 800 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால், ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 400 முறை. ஒரே சிலிண்டர் முழுதாகச் செத்திருந்தால் குலுக்கல் சீரான தாளத்தில் வரும். சைலன்சர் முனைக்குச் சற்றுத் தள்ளிக் கையை நீட்டினால் அந்தத் தாளத்தை உள்ளங்கையிலேயே உணரலாம். தாளமே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறினால், கோளாறு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது: காயில், ரோட்டார் (கரண்ட்டை சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் பாகம்), பாயிண்ட் (அதனுள் திறந்து மூடும் சுவிட்ச்), பெட்ரோல் வரத்து, காற்றுக் கசிவு. இதைக் காதும் கையும் வைத்தே பிரித்துவிடலாம்.

அடுத்து, எப்போது வருகிறது என்று பாருங்கள். ஓட்டுபவர் "எப்பவுமே மிஸ்ஸிங்தான்" என்று சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஐடிலிங்கில் குலுங்கி, வேகம் ஏறியதும் சரியாகிவிடுகிறதென்றால் காற்றுக் கசிவு, ஐடில் ஜெட் (கார்புரேட்டரில் ஐடிலிங்குக்கான பெட்ரோல் துளை) அடைப்பு, டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இறுக்கம் ஆகியவற்றின் மேல் சந்தேகம் போக வேண்டும். ஐடிலிங் நன்றாக இருந்து, மேட்டில் மேல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால் அது அநேகமாக இக்னிஷன், அதாவது பொறி தரும் பக்கம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் தேவைப்படும்; பலவீனமான ஒயரோ காயிலோ அங்கேதான் கைவிடும். சமதரையில் வேகம் ஏற ஏற மூச்சு முட்டுவதுபோல் இழுவை குறைந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மழையில் மட்டும் வந்தால் ஒயரும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும். நன்றாகச் சூடேறிய பிறகு வந்து, அரைமணி நேரம் ஆறவிட்டால் போய்விடுகிறதென்றால் காயில் அல்லது இக்னிஷன் மாட்யூல் (பாயிண்ட்டுக்குப் பதிலாக வரும் எலெக்ட்ரானிக் பெட்டி). காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒரு நிமிடம் மட்டும் ஒரு சிலிண்டர் தவறி, வெள்ளைப் புகை தள்ளி, பிறகு சரியானால் ரேடியேட்டர் தண்ணீர் அளவைப் பாருங்கள். ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) வழியாக இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

எந்த சிலிண்டர்?

எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு சிலிண்டராகக் கரண்ட்டைத் துண்டிப்பதுதான் முறை. நல்ல சிலிண்டரைத் துண்டித்தால் வேகம் சட்டென இறங்கி எஞ்சின் குலுங்கும். ஏற்கெனவே செத்திருக்கும் சிலிண்டரைத் துண்டித்தால் எந்த மாற்றமும் இருக்காது. அதுதான் நீங்கள் தேடும் சிலிண்டர்.

இதைச் செய்யும் விதத்தில் கவனம் வேண்டும். ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரை வெறுங்கையால் பிடுங்கி அந்தரத்தில் தொங்கவிடுவது பழைய பழக்கம். பாயிண்ட் வைத்த காயில்கூட 20 கிலோவோல்ட்டுக்கு மேல் தரும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் 30 முதல் 40 கிலோவோல்ட் வரை தரும். போக வழியில்லாத அந்த வோல்ட்டேஜ் காயிலின் உள் இன்சுலேஷனையோ ரோட்டாரையோ துளைத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் உங்கள் கை வழியாகப் போகும். எஞ்சினை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு உபரி பிளக்கைச் செருகி, பிளக்கின் உடலை எஞ்சின் எர்த்தில் (எஞ்சினின் வெற்று உலோகத்தில்) கவ்வவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். நான்கு முறை நிறுத்தி ஸ்டார்ட் செய்வது சலிப்பான வேலைதான், ஆனால் காயில் பிழைக்கும். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள வண்டியில் இன்னும் எளிது: ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் கழற்றி மாட்டினால் போதும். பெட்ரோலே போகாது என்பதால் எரியாத பெட்ரோல், சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் போய் அதைச் சூடேற்றும் ஆபத்தும் இல்லை. கன்வெர்டர் உள்ள வண்டியில் கரண்ட்டைத் துண்டித்துச் சோதிப்பதென்றால் ஒவ்வொன்றுக்கும் சில நொடிக்கு மேல் எடுக்காதீர்கள். ஐடில் வேகத்தை கம்ப்யூட்டரே சரிசெய்யும் வண்டிகளில் ஒரு சிலிண்டர் நின்றாலும் வேகம் உடனே பழையபடி ஏறிவிடும். அதனால் மீட்டரை நம்பாமல், துண்டித்த அந்த நொடியில் எஞ்சின் குலுங்குகிறதா என்று பாருங்கள். ஆக்சிலேட்டரை 1500 ஆர்.பி.எம். அளவில் நிறுத்திச் செய்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சிலிண்டர் தெரிந்துவிட்டது, இரண்டாவது என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் கடைக்குப் போக வேண்டாம். இரண்டாவது பிளக்கை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டி ஓடவிடுங்கள். கோளாறு மூன்றாவதுக்குத் தாவினால் பிளக்தான் குற்றவாளி. இரண்டாவதிலேயே நின்றால், நீளம் எட்டினால், ஒயரை இடம் மாற்றுங்கள். இன்ஜெக்டரையும், தனித்தனிக் காயிலாக இருந்தால் காயிலையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒரு பாகம் மட்டும். பிளக்கையும் ஒயரையும் சேர்த்து மாற்றிவிட்டால் சோதனையே வீணாகிவிடும். எதை மாற்றினாலும் அதே சிலிண்டரில் கோளாறு நிற்கிறதென்றால் மிச்சமிருப்பது கேப்பில் அந்த ஒயர் நுழையும் குழி, அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றுப் பாதை, அல்லது கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்).

ஒயர்களை மாற்றி மாட்டும்போது எரியும் வரிசை குழம்பிவிடக் கூடாது. நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் 1-3-4-2; சிலவற்றில் 1-2-4-3. கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். அடுத்தடுத்து எரியும் இரண்டு சிலிண்டரின் ஒயர்கள் நீண்ட தூரம் ஒட்டிக்கொண்டு போனால் ஒன்றின் கரண்ட் மற்றதில் தூண்டப்பட்டு, நேரம் தவறி எரியும். ஒயர் கிளிப்புகள் அதற்காகத்தான் இருக்கின்றன, உடைந்தால் மாற்றிவிடுங்கள்.

கழற்றிய பிளக் சொல்வது

அலுமினிய ஹெட்டில் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை உரிந்துவரும் வாய்ப்பு உண்டு. கைபொறுக்கும் சூடு வரை ஆறவிடுங்கள். பிளக் குழியை முதலில் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அதுவே விடையாக இருக்கலாம்: வால்வ் கவரின் சீல் கசிந்து, ஆயில் பட்டு ஊறிய பிளக் ரப்பர் வழியாகக் கரண்ட் எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள். மூன்று வெளிர் பழுப்பாகவும் ஒன்று பெட்ரோலில் நனைந்தும் இருந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. உலர்ந்த கருப்புக் கரி நான்கிலும் இருந்தால் பெட்ரோல் அதிகம்: சோக் (குளிர்ந்த எஞ்சினுக்காகக் காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாகத் திறக்கவில்லை, கார்புரேட்டரின் மிதவை மட்டம் உயர்ந்துவிட்டது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பான ஆயில் கரி என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் கைடு (வால்வ் ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று, முனை கொப்பளித்திருந்தால் பெட்ரோல் போதாமல் அதிகச் சூடு. ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

வெள்ளைப் பீங்கானின் வெளிப்பகுதியையும் பாருங்கள். மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கருங்கோடு, கரண்ட் வெளிப்புறமாகவே பாய்ந்ததன் அடையாளம். அந்த பிளக்கோடு அதன் ரப்பரையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதிய பிளக்கிலும் அதே கோடு விழும். இரும்பு உடலை ஒட்டிச் சுற்றிலும் தெரியும் பழுப்பு வளையம் வேறு, அது பழுதல்ல.

இடைவெளி, பாயிண்ட் வைத்த வண்டிகளில் 0.6 முதல் 0.7 மி.மீ., எலெக்ட்ரானிக் இக்னிஷனில் பொதுவாக 0.8 முதல் 1.1 மி.மீ. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. தேய்ந்து 1.3 மி.மீ. ஆகிவிட்ட பிளக் ஐடிலிங்கில் ஒழுங்காகவும் மேட்டில் மிஸ்ஸிங்காகவும் ஓடும். எல்.பி.ஜி., சி.என்.ஜி. போட்ட வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வெளிப்படும், ஏனென்றால் அந்தக் கலவையை எரிக்கக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். கேஸில் மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலில் இல்லை என்றால் கேஸ் கிட்டைப் பிரிக்கும் முன் பிளக்கையும் ஒயரையும் பாருங்கள். மாட்டும்போது கையாலேயே கடைசி வரை திருகி, வாஷர் உள்ள புதிய பிளக்கை ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச் சுற்று இறுக்கினால் போதும். வாஷர் இல்லாத கூம்பு வடிவ பிளக்குக்குச் சுற்றில் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே.

கழற்றிய பிளக்கை எஞ்சின் மேல் வைத்து, "கரண்ட் வருது, அதனால இக்னிஷன் சரி" என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான தவறு. திறந்த காற்றில் 0.7 மி.மீ. இடைவெளியைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள், கம்ப்ரஷன் அழுத்தத்தில், அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பார்க் டெஸ்டரில் 6 மி.மீ. தாண்டி, நீலம் கலந்த வெள்ளையில் சடசடவென வந்தால் நம்பலாம். மெலிந்த மஞ்சள் பொறியை நம்பக் கூடாது.

பிளக் கழற்றிய கையோடு கம்ப்ரஷன்

வழக்கமாகக் கம்ப்ரஷனைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். அதை முன்னால் கொண்டுவருவதே நல்லது. பிளக் நான்கும் வெளியே இருக்கின்றன, இன்னும் கால்மணி நேர வேலைதான். கம்ப்ரஷன் இல்லாத சிலிண்டருக்கு எத்தனை புதிய ஒயர் போட்டாலும் எரியாது.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். காயிலின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இன்ஜெக்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, அதன் முள் ஐந்தாறு தடவை ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவு பயனற்றது. பெட்ரோல் எஞ்சினில் 9 முதல் 13 பார் வரை காட்டுவது வழக்கம். அளவைவிட வித்தியாசமே முக்கியம்: மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது.

குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வ் அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கும். வால்வ் என்று தோன்றினாலும் ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பட் இடைவெளியை அளந்துவிடுங்கள். வால்வ் சீட் தேயத் தேய வால்வ் மேலே ஏறி இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் சூடேறியதும் வால்வ் முழுதாக மூடாது. அந்த நிலையில் ஃபீலர் கேஜும் ஸ்பேனருமே வேலையை முடித்துவிடும். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்து, ஹெட் வேலையில் போய் நிற்கும். டேப்பட் சத்தம் போடுகிறதே என்று அளவைவிட இறுக்கி வைப்பது மிகக் கெட்ட பழக்கம்.

டிஸ்ட்ரிபியூட்டர்

பழைய கார்களில் அதிகம் நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் இது. கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளே முனைக்கு முனை ஓடும் தலைமுடி போன்ற கருங்கோடு, கரண்ட் குறுக்கே போகும் பாதை. சுரண்டிப் பயனில்லை, கேப்பை மாற்ற வேண்டும். நடுவிலுள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். ரோட்டாரின் அடிப்புறத்தில் ஊசிமுனை அளவு கருந்துளை இருந்தால், கரண்ட் அதைத் துளைத்து ஷாஃப்ட்டில் இறங்குகிறது. ஒயரை மல்டிமீட்டரில் அளக்கும்போது நான்கையும் ஒப்பிடுங்கள்: கார்பன் ஒயரில் நீளத்துக்கு ஏற்ப சில ஆயிரம் ஓம் காட்டுவது இயல்பு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினாலோ, வளைக்கும்போது அளவு துள்ளினாலோ அது போய்விட்டது. ஓம் அளவு சரியாக இருந்தும் இன்சுலேஷன் கசியலாம். அதற்கு இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் கைத்தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும். தெளிக்கும்போது ஒயரையும் ஃபேனையும் தொடாமல் நில்லுங்கள்.

பாயிண்ட் இடைவெளி பொதுவாக 0.4 முதல் 0.5 மி.மீ. கேமில் உராயும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் (பொறி விழும் நேரம்) பின்வாங்கும். அதனால் பாயிண்ட்டைச் சரிசெய்தால் டைமிங்கையும் பார்த்தே ஆக வேண்டும். இக்னிஷன் ஆன், பாயிண்ட் மூடிய நிலையில் அதன் இரு முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாயிண்ட் முகம் எரிந்திருக்கிறது. சீக்கிரம் சீக்கிரம் எரிகிறதென்றால், பாயிண்ட்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரைப் பாருங்கள். அதன் அளவு வழக்கமாக 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட்.

பலரும் கவனிக்காத ஒன்று: பாயிண்ட் உட்காரும் தகட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் சிறிய எர்த் ஒயர். வேக்கம் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சும் விசையால் டைமிங்கை முன்தள்ளும் பாகம்) இழுக்கும் ஒவ்வொரு முறையும் தகடு அசையும், ஒயரும் வளையும். வருடங்கள் போனதும் உறைக்குள்ளேயே இழை அறுந்து, ஐடிலிங்கில் தொடர்பும் ஆக்சிலேட்டர் கொடுத்தால் துண்டிப்பும் என்று ஆகிவிடும். வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டும்போது மிஸ்ஸிங் போய்விட்டால் அந்த ஒயரைத்தான் பிடிக்க வேண்டும். ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாயிண்ட்டை எப்படி வைத்தாலும் நிற்காது. புஷ் மாற்ற வேண்டும்.

காயில் விஷயத்தில், பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் தடை) உள்ள வண்டிக்கு ஏறத்தாழ 1.5 ஓம் காயில், இல்லாத வண்டிக்கு ஏறத்தாழ 3 ஓம் காயில். முன்னதைப் பேலஸ்ட் இல்லாமல் போட்டால் காயில் கொதிக்கும், பாயிண்ட்டும் எரியும். பின்னதைப் பேலஸ்ட்டோடு போட்டால் பொறி நலிந்து மேட்டில் மிஸ்ஸிங் வரும். யாரோ முன்பு காயில் மாற்றிய வண்டி என்றால் இந்த அளவை எடுத்துவிடுங்கள். இரண்டு சிறிய ஒயர்களும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்: நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் பாடியோடு இணைந்த) வண்டியில் மைனஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாறியிருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் பொறிக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்பட்டு வேகத்தில் தவறும்.

காற்றும் பெட்ரோலும்

ஒரே கார்புரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் பொது. ஒரே சிலிண்டர் மட்டும் தவறும்போது கார்புரேட்டரைப் பிரிப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் காற்றுக் கசிவு சில நேரம் ஒரு சிலிண்டரை மட்டும் தாக்கும்: அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றுக் குழாயின் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசியலாம், அல்லது அந்தக் குழாயிலிருந்து கிளம்பும் பிரேக் பூஸ்டர் ஹோஸில் வெடிப்பு விட்டிருக்கலாம். ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்துப் பாருங்கள். எதை நசுக்கினால் ஐடிலிங் சீராகிறதோ அதன் வழியேதான் காற்று இழுக்கிறது. கேஸ்கெட் விளிம்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலும் ஐடிலிங் மாறுவதைக் கவனிக்கலாம். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒயர் கசியும் பழைய வண்டியில், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில், அது தீப்பிடிக்கும் வேலை. எஞ்சின் உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்கம் கேஜ் இருந்தால் ஐடிலிங்கில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்தில் அசையாமல் நிற்க வேண்டும். சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் இருந்தால் அது ஒரு வால்வின் குறை.

பெட்ரோலை ஃபில்டர் கிண்ணத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். மெக்கானிக்கல் பம்ப் 0.2 முதல் 0.35 பார், இன்ஜெக்டர் வண்டி பொதுவாக 2.5 முதல் 3.5 பார் தர வேண்டும். இன்ஜெக்டரில் நீண்ட ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தால் டிக் டிக் சத்தம் கேட்கும். ஒன்று ஊமையாக இருந்தால் அதன் ஓம் அளவைப் பாருங்கள். பெரும்பாலானவை 12 முதல் 16 ஓம்.

ஸ்கேனர் மாட்ட முடிந்த வண்டியில் பி0302 என்ற கோளாறு எண் இரண்டாவது சிலிண்டரைக் காட்டும், பி0300 எல்லாவற்றிலும் மாறி மாறித் தவறுவதைச் சொல்லும். ஏன் என்று அது சொல்லாது. மேலே சொன்ன சோதனைகள் அப்படியே தேவை. 1-4, 2-3 என்று இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் ஜோடியாகக் கோளாறு எண் வந்தால் காயிலை முதலில் பாருங்கள். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கன்வெர்டர் சேதமாகும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது. ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

கோளாறு தீர்ந்த பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். வாடை தெரிந்தாலோ, ஆயில் மட்டம் முன்பைவிட ஏறியிருந்தாலோ, நீர்த்துப்போன அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் நீண்ட பயணத்துக்கு எடுக்க வேண்டும்.